பக்கப் பொக்கற்றில் இருந்தது

இன்று செயலமர்வில் எங்களுக்கு ஒரு பை தந்தார்கள். நீ எத்தனையோ முறை பார்த்துச் சிரித்த பைதான். கறுப்பு றெக்சின், முன்பக்கம் முழுவதும் திட்டத்தின் பெயர், உள்ளே ஒரு கொப்பி, மூடி இறுகாத ஒரு பேனை. மண்டபத்தில் இருந்தவர்கள் பையை வாங்கிக் காலடியில் வைத்துவிட்டுத் தேநீருக்கு எழுந்து போனார்கள். நான் கதிரையில் இருந்தபடியே அதைத் திறந்தேன். புது றெக்சின் மணம் முகத்தில் அடித்தது. என் கை தன்பாட்டில் பையின் இரண்டு பக்கங்களையும் தடவிப் பார்த்தது. பக்கப் பொக்கற் இல்லை.

அந்த இடத்திலேயே எனக்குக் கோபம் வந்தது. பையைத் தைத்தவர்மேல் இல்லை. உன்மேல்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால், “உது பையில்லையடி, தோளிலை கொழுவுற விளம்பரப் பலகை” என்று என் காதுக்குள் சொல்லியிருப்பாய். நான் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்திருப்பேன். நீ ஒன்றும் தெரியாத பிள்ளை போல நேரே பார்த்துக்கொண்டு இருந்திருப்பாய். இன்று நான் சிரிக்கவில்லை. பையை மடித்துக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, ஆறிய தேநீரைக் குடித்தேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆட்டைத் திவசத்துக்கு உன் வீட்டிலிருந்து எனக்குச் சொல்லி வருமோ தெரியாது. வராவிட்டாலும் பரவாயில்லை. எனக்குச் சொல்ல இருப்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் யாரும் பொருட்களைத் தெரிவு செய்ததில்லை. அவை வந்து சேரும். அண்ணையின் பழைய குடை எனக்கு வந்தது. கொடிகாமம் சந்தையில் அப்பா மரக்கறி விற்கிற இடத்தில் யாரோ கொடுத்த நாட்காட்டி சுவருக்கு வந்தது. பல்கலைக்கழகத்துக்கு முதல் நாள் நான் கொண்டுபோனது உரக்கடை ஒன்றின் பெயர் அச்சடித்த துணிப்பை. எங்கள் குடும்பத்தில் அந்த வாசலுக்குள் போன முதல் ஆள் நான். அங்கே என்ன கொண்டுபோக வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. அதனால் நான் ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல், ஓரமாக இருந்து மற்றவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் உன் கையையும் பார்த்தேன். நூலகத்தில் எனக்கு எதிரே இருந்தாய். மேசையில் நீ எடுத்து வைத்த ஒவ்வொன்றும் வைத்த இடத்திலேயே இருந்தது. நான் மை கசியும் பேனையால் எழுதி, வரிக்கு வரி விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ நிமிர்ந்து, பெயர்கூடக் கேட்காமல், “உனக்கு எப்பிடிப் பேனை பிடிக்கும்?” என்றாய்.

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. பேனை எழுதும், அல்லது எழுதாது. அதில் பிடிக்க என்ன இருக்கிறது? நீ என் எழுத்தை எட்டிப் பார்த்தாய். “நீ அழுத்தி எழுதிற ஆள். உனக்கு உந்த மொத்த முனை சரிவராது” என்றாய். அன்று பின்னேரம் சந்திக் கடைக்கு என்னைக் கூட்டிப்போய், ஒரு பஸ் ரிக்கற்றைத் திருப்பி வைத்து, எழுதிப் பார்க்கச் சொன்னாய். வழுவழுப்பான தாளில் எழுதும் பேனை எதிலும் எழுதும் என்பது உன் கணக்கு. நான் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். கூர்முனை, கருநீலம், மூடினால் சொடக்கென்று கேட்க வேண்டும். எனக்கு இதுதான் பிடிக்கும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பிறகு நாங்கள் ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்கினோம். உன் சித்தி ஜேர்மனியிலிருந்து முட்டை அவிப்பதற்கென்று அனுப்பிய ஒரு சின்ன மணி உங்கள் வீட்டு ஷோகேசில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததாம். முறுக்கி விட்டால் ஓடி முடிந்து அடிக்கும். அதை நீ எடுத்துக்கொண்டு வந்திருந்தாய். முறுக்கி மேசையில் வைப்பாய். அடிக்கும் வரை கதையில்லை, போன் இல்லை. அடித்ததும் எழுந்து முற்றத்தில் ஒரு சுற்று நடப்போம். வீட்டுக்கார அம்மா ஒருநாள் கதவைத் தட்டி, “பிள்ளையள், உள்ளுக்கை என்ன அவியுது? மணி அடிச்சபடி கிடக்கு” என்றார். நீ புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் என்னைக் காட்டினாய். “இவள்தான் அம்மா. எவ்வளவு அவிச்சும் வேகுறாளில்லை.”

நான் பட்டம் எடுத்ததில் அந்த மணிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நாலாக மடித்த உன் வெள்ளைத் தாளுக்கும் இருக்கிறது. காலையில் அதில் அன்றைய வேலைகளை எழுதுவாய். மூன்றுக்கு மேல் எழுத மாட்டாய். பின்னேரம் முடிந்ததோ முடியவில்லையோ, கிழித்துப் போட்டுவிடுவாய். ஏன் கிழிக்கிறாய் என்று கேட்டேன். “நேற்றையான் வேலை இண்டைக்கு என்னைப் பாத்து முழிக்கப்படாது” என்றாய். போத்தல் வாங்கினால் ஒரு கையால் மூடி திறக்க வேண்டும். குடை வாங்கினால் கடைக்குள்ளேயே விரித்து மடக்கிப் பார்க்க வேண்டும். விலை கூடியதைத் தேடும் ஆளில்லை நீ. கைக்கு ஒத்து வருவதைத் தேடுவாய். கிடைத்துவிட்டால் புதுச்சட்டை போட்ட பிள்ளை போல அன்று முழுவதும் அதை எடுத்து எடுத்துப் பார்ப்பாய்.

இவ்வளவு ஒழுங்கான உன்னிடம் இடமில்லாத பொருள் ஒன்று இருந்தது. இரண்டாம் வருடம் சோதனை முடிந்து அறையைத் தூசு தட்டியபோதுதான் அதைக் கண்டேன். உனக்கு மூச்சு முட்டி, முட்டு இழுக்கத் தொடங்கியது. நீ கதவைச் சாத்திவிட்டு, பெட்டியின் அடியில், ஒரு சப்பாத்துக் காலுறைக்குள் சுற்றி வைத்திருந்த நீல நிற மூச்சுப் பம்பை எடுத்து வாயில் அடித்தாய். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். சிறு வயதிலிருந்தே தொய்வு, ஆஸ்துமா என்றாய். உன் தங்கைக்கும் இருக்கிறது என்றாய். எனக்குத் தெரியுமென்று அம்மா அறிந்தால் ஏசுவார், ஒருவருக்கும் சொல்லாதே என்றாய்.

உன் அப்பா இல்லாத வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உன் அம்மா பட்ட பயம் எனக்கு விளங்காமல் இல்லை. “வருத்தக்காரி, நோய்க்காரி எண்டு ஒருக்காப் பேர் விழுந்தா, பிறகு ஆர் பொம்பிளை கேட்டு வருவினம்?” என்று அவர் சொல்வாராம். பல்கலைக்கழகத்தில் எல்லா ஊர் ஆட்களும் இருப்பார்கள், கதை எந்தப் பக்கத்தாலும் வீடு வரும் என்று சொல்லித்தான் உன்னை அனுப்பினாராம். உங்கள் வீட்டில் பம்புக்குப் பெயர்கூட இல்லை. “அது” என்றுதான் சொல்வீர்கள்.

நான் அதிகம் கதைப்பவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்று நான் கேட்டது ஒன்றே ஒன்று. “பேனைக்கு ஒரு இடம் வைச்சிருக்கிறாய். இதுக்கு ஏன் இல்லை?” நீ பம்பைத் திரும்பக் காலுறைக்குள் சுற்றினாய். ஆனால் பட்டதாரிப் பயிலுநராக முதல் சம்பளம் எடுத்த கிழமையே என்னைக் கூப்பிட்டாய். பை வாங்கப் போகிறேன், நீயும் வா என்றாய்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கடையில் நீ செய்த கூத்தை நான் மறக்கமாட்டேன். போத்தல், குடை, சோற்றுப் பெட்டி எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாய். ஒவ்வொரு பையாக நிரப்பினாய், தோளில் போட்டுக் குலுக்கினாய், கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாய். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, வாங்கிற எண்ணமோ, இல்லாட்டி சோதனை வைக்கிறியளோ?” என்றார்.

“சோதனைதான் அண்ணை. பாஸ் பண்ணினா வாங்குவன்.”

ஒரு சாம்பல் நிறப் பை பாஸ் பண்ணியது. அழகென்று சொல்ல முடியாது. அகலமான வார், தடித்த சிப், வலது பக்கத்தில் மூடியில்லாத ஒரு பொக்கற். நீ கடைக்குள் நின்றபடியே பம்பை அந்தப் பொக்கற்றில் வைத்தாய். கையை இறக்கினால் கை அதில் போய் நின்றது. “பார், தேடத் தேவையில்லை” என்றாய். அன்று உன் முகம் இருந்த மாதிரி நான் பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை. அதன் பிறகு பஸ்ஸிலும் சரி, உன் அலுவலகத்திலும் சரி, முட்டு வந்தால் எடுத்து அடித்துவிட்டு வேலையைப் பார்த்தாய். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பிறகு பார்ப்பதை விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. உன் அம்மா மட்டும் அதைத் தபால்காரன்ரை பை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ அவருக்குக் கடிதம் வந்திருக்கிறதா என்று தேடுவது போலப் பைக்குள் கையை விட்டு நடிப்பாய். அவரும் சிரித்துவிடுவார்.

பிறகு லண்டன் சம்பந்தம் வந்தது.

சாதகக் குறிப்புப் பொருந்தியது. மாப்பிள்ளையின் தாயார் விடுமுறைக்கு வந்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசையில், கோயிலில் தற்செயலாகச் சந்திப்பது போலச் சந்திப்பது என்று ஏற்பாடு. எங்கள் ஊர்களில் அந்தத் தற்செயலுக்கு ஒரு மாதம் ஆயத்தம் செய்வார்கள். சித்தி ஒரு சேலையும் அதோடு ஒரு பேர்ஸும் அனுப்பியிருந்தார். பொன் நிறம், முத்து வைத்தது, உள்ளங்கை அளவு. நீ அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாய். “உதுக்குள்ளை ஒரு கைலேஞ்சி போகும். அதுகும் மடிச்சாத்தான்” என்று எழுதியிருந்தாய். நான் உடனே “பம்ப்?” என்று கேட்டேன். “தங்கச்சி கொண்டுவருவாள்” என்றாய். அதோடு நான் என் வேலையைப் பார்த்தேன். நீ ஒன்றைச் சொன்னால் அது இடத்தில் இருக்கும் என்பது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

மிச்சத்தை உன் தங்கை சொல்லித்தான் அறிந்தேன். செத்தவீட்டில், கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

புறப்படும்போது வாசல் படலையடியில் உன் அம்மா அவள் கையிலிருந்த பம்பைப் பார்த்துவிட்டாராம். “உதை ஏன் தூக்கிக்கொண்டு வாறாய்? உன்ரை கையிலை கண்டா ரெண்டு பேருக்கும் எண்டு நினைப்பினம். ஒரு மணித்தியாலம்தானே” என்றாராம். தங்கை உன்னைப் பார்த்தாளாம். நீ ஓம் என்று தலையாட்டினாயாம். அவள் திரும்பிப் போய், அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய உன் பையின் பக்கப் பொக்கற்றில் அதை வைத்துவிட்டு வந்தாளாம். ஆகவே எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. நீதான் அங்கே இல்லை.

கோயிலில் சனம். தீபாராதனை, சாம்பிராணிப் புகை. உனக்கு இழுக்கத் தொடங்கியதை முதலில் கண்டவர் மாப்பிள்ளையின் தாயார். வெளிவீதியில் உன்னை இருத்தினார்களாம். உன் அம்மா சோடா வாங்கச் சொல்லிவிட்டு, காலையிலிருந்து விரதம், தலைச்சுற்றுப்போல என்று அவரிடம் சொன்னாராம். அந்த மனுசி உன் நெஞ்சு எழும்பி இறங்குவதைப் பார்த்தபடி, “பிள்ளைக்குத் தொய்வு இருக்கோ? என்னட்டைப் பம்ப் இருக்கு” என்று தன் கைப்பையைத் திறந்து எடுத்தே விட்டாராம்.

“ஐயோ, அப்பிடி ஒண்டும் இல்லை. விரதக் களைப்பு.”

உன் அம்மா அதைச் சொன்னபோது பம்ப் அந்த மனுசியின் கையில் இருந்தது. உனக்கும் அதற்கும் இடையில் ஒரு கை நீளம். நீ அதைப் பார்த்தாய், பிறகு அம்மாவைப் பார்த்தாய் என்று தங்கை சொன்னாள். மனுசி சரியென்று அதைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தார். லண்டனில் அவர்கள் வீட்டில் அது மேசையில் கிடக்கும் சாமானாக இருந்திருக்கும். எந்தக் குறையை மறைக்கப் பாடுபட்டார்களோ, அது சம்பந்தி வீட்டுக் கைப்பைக்குள்ளேயே இருந்தது. ஒருவரும் அதைக் குறையாக நினைத்திருக்கப் போவதில்லை. கடைசியில் உன் தங்கைதான் அழுதுகொண்டு, “அக்காவுக்குத் தொய்வுதான், குடுங்கோ” என்று சொன்னாள். அந்த மனுசி பதறிக்கொண்டு கொடுத்தார். அதற்குள் உனக்கு இழுக்க மூச்சே இருக்கவில்லை. ஓட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரை நீ தங்கையின் கையைப் பிடித்திருந்தாயாம்.

விதி என்றார்கள். அந்தச் சேலையில் கண்ணூறு பட்டது என்றார்கள். நான் செத்தவீட்டில் ஒரு மூலையில் நின்று இவற்றையெல்லாம் கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதில் தாடை நொந்தது. கடைக்காரரோடு மல்லுக்கு நின்று, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுப் பார்த்துப் பை வாங்கியவள், ஒரு முத்துப் பேர்சுக்கு ஓம் என்று தலையாட்டியிருக்கிறாள். பார்க்கிறவர்களின் கண்ணுக்குச் சாமான் வாங்காதே, உன் கைக்கு வாங்கு என்று எனக்குச் சொன்னவள் நீ. அதை நம்பித்தான் நான் ஒரு ஆளாக வந்தேன். அப்படிச் சொன்னவள் எப்படியடி தலையாட்டுவாய்?

முப்பத்தோராம் நாளுக்கும் வந்தேன். காலையில் கீரிமலையில் உன் மாமா சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தார். மத்தியானம் வீட்டில் உன் படத்துக்கு முன்னால் படையல். உனக்குப் பிடித்தவை என்று எல்லாம் படைத்திருந்தார்கள். அந்தச் சேலையை மடித்து வைத்து, அதற்கு மேல் பொன் நிறப் பேர்சை வைத்திருந்தார்கள். கையில் தந்த கல்வெட்டில், அந்த நினைவுப் புத்தகத்தில், நீ திடீர் சுகவீனத்தால் இறந்ததாக அச்சடித்திருந்தது. நான் அதை மடித்துக்கொண்டு உன் தங்கையைத் தேடினேன். கூடத்தில் அவள் இல்லை.

வீட்டின் பின்பக்கம், விறகடுப்பில் சமையல் நடந்த இடத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும், “தடிமன் அக்கா” என்றாள். மூச்சு இழுத்தால் சளி என்று ஆட்களுக்குச் சொல்ல உன் அம்மா கொடுத்திருந்த சொல் அது. கோயிலில் சபைக்கு முன்னால் வாயைத் திறந்தவள் அவள். அதற்குப் பிறகு வீட்டில் அவளுக்கு விழுந்த ஏச்சை நான் அறிவேன். அவளுடைய பம்ப் எங்கே என்று கேட்டேன். அம்மா பூட்டிய அலுமாரியில், திறப்பு அம்மாவின் இடுப்பில் என்று விட்டு விட்டுச் சொன்னாள்.

நான் உன் அறைக்குள் போனேன். பை கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்கியது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவளைத் தூக்கி நிறுத்தினேன். பின்பக்கம் விறகுப் புகை, கூடத்தில் சாம்பிராணிப் புகை. காற்று இருந்தது முன்பந்தலில்தான், ஆட்கள் எல்லோரும் இருந்த இடத்தில். நான் அவளை அங்கே நடத்திக்கொண்டுபோய், மின்விசிறிக்கு நேரே ஒரு கதிரையில் இருத்தி, பக்கப் பொக்கற்றிலிருந்த உன் பம்பை எடுத்துக் குலுக்கிக் கையில் கொடுத்தேன். அவள் அதை வாங்கவில்லை. வாசலைப் பார்த்தாள். வாசலில் உன் அம்மா வந்து நின்றார்.

“பிள்ளை, அவளை உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போங்கோ. ஆக்கள் பாக்கினம்.”

“பாக்கட்டும் அன்ரி.”

நான் சத்தமாகச் சொல்லவில்லை. எனக்குச் சத்தமாகச் சொல்லத் தெரியாது. ஆனால் பந்தலில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அதனால் அடுத்ததையும் சொன்னேன். “இவவுக்குத் தொய்வு. இவவின்ரை அக்காவுக்கும் தொய்வுதான். சுகவீனம் இல்லை, கண்ணூறும் இல்லை.” உன் தங்கை பம்பை வாங்கி அடித்தாள். சற்றுப் பொறுத்து இன்னொரு தரம் அடித்தாள். அவள் தோள்கள் இறங்கும் வரை அவ்வளவு பேரும் பார்த்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. யாரோ ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உன் அம்மா உள்ளே போய்விட்டார். நான் சாப்பிடாமல் வெளிக்கிட்டேன். படலையடியில் ஒரு பெண் என் பின்னால் வந்து, தன் மகளுக்கும் இருக்கிறது, எந்தக் கிளினிக்கில் காட்டலாம் என்று கேட்டார். அதையும் காதுக்குள்தான் கேட்டார். நான் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னேன்.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டிலிருந்து கதையில்லை. போன மாதம் உன் தங்கை எனக்குச் செய்தி அனுப்பினாள். பல்கலைக்கழகத்தில் படிக்க அனுமதி கிடைத்திருக்கிறது, பை ஒன்று வாங்க வேண்டும், வருவீர்களா, அம்மாவும் வருகிறார் என்று. மருதனார்மடம் சந்தியில் சந்தித்தோம். உன் அம்மா மெலிந்து போயிருந்தார். என்னோடு அவர் கதைக்கவில்லை. கடைக்குள் போனதும் என்னிடம் கேட்க வேண்டியதைத் தங்கையிடம் சொன்னார். “உள்ளுக்கை, சிப் வைச்ச பொக்கற் உள்ளதாப் பாக்கச் சொல்லு. வெளியிலை தெரியத் தேவையில்லைத்தானே.”

எனக்குத் தலைக்குள் ஏறியது. இவ்வளவுக்குப் பிறகும் தெரியத் தேவையில்லையா? நான் வாயைத் திறக்க, உன் தங்கை முந்திவிட்டாள். ஒரு பச்சைப் பையைத் தோளில் போட்டு, பக்கப் பொக்கற்றில் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பாமலே சொன்னாள்.

“அம்மா, உள்ளுக்கை இருந்தா நான் எடுக்கமாட்டன். எனக்கு என்னைத் தெரியும்.”

கடைக்காரர் விளங்காமல் எங்களைப் பார்த்தார். கடைக்கு வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கி, புறப்பட்டுப் போனது. பிறகு உன் அம்மா கிட்ட வந்து, அந்தப் பையின் பக்கப் பொக்கற்றை விரலால் பிடித்தார். அதற்கு ஒரு சின்னச் சிப் இருந்தது. இழுத்தார். நடுவில் சிக்கியது. மூடி, மறுபடி இழுத்தார். மறுபடியும் சிக்கியது.

“இந்தச் சிப் கெதியாத் திறபடேல்லை” என்றார் கடைக்காரரிடம். “அவசரத்துக்கு உதவாது. வேறை காட்டுங்கோ.”

நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அவர் அந்தச் சிப்பை இழுத்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைத்தது. அடைத்த அதே நெஞ்சுக்குள் கோபமும் இருந்தது. அந்த விரல்கள் படலையடியிலேயே அப்படிச் செய்திருக்கலாம். கடைக்காரர் வேறு பைகளை எடுத்து வந்து போட்டார். உன் அம்மா ஒவ்வொன்றின் பக்கப் பொக்கற்றையும் திறந்து பார்த்தார், ஒவ்வொன்றையும் குறை சொன்னார். உன் தங்கை என்னைப் பார்த்து, வெளியே தெரியாமல் சிரித்தாள். அவள் தனக்குப் பிடித்ததை எடுத்தாள். என்ன நிறம் என்று நான் சொல்லப் போவதில்லை. அது அவளுடைய விசயம்.

திரும்பும்போது, அம்மாமேல் கோபம் வருகிறது, பிறகு பாவமாக இருக்கிறது, உங்களுக்கு எப்படி என்று தங்கை கேட்டாள். எனக்கு அம்மாமேல் இருப்பது குறையும்போல இருக்கிறது என்றேன். உன்மேல் இருப்பதைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. அது குறையவில்லை. “எனக்கு என்னைத் தெரியும்” என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சுத்தான் பிடித்தது. படலையடியில் உன்னிடம் அந்த மூச்சு இருந்தது. நீ அதைத் தலையாட்டுவதற்குச் செலவழித்தாய். அதை நினைத்தபடிதான் ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகிறேன். யாராவது என்னிடம் ஒரு மணித்தியாலம்தானே என்று சொன்னால், இல்லை என்று சொல்கிறேன். மெதுவாகத்தான் சொல்கிறேன். ஆனால் சொல்கிறேன்.